பத்து விநாடி அகலப் பாதை

கேட்பவரே, ஒன்று சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் அறைக்குள் யாரோ வந்துபோன காலடித் தடம் ஒன்றைக் கண்டீர்கள். வீட்டிலுள்ளவர்களை எல்லாம் சந்தேகித்தீர்கள். அந்தத் தடத்தின் மேல் உங்கள் சொந்தக் காலை ஒரு முறை வைத்துப் பார்த்தீர்களா?

மாசிலாமணி வைத்துப் பார்க்கவில்லை.

அவர் நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர். அவர் போட்ட புலப்படம் பொய்க்காது என்று தாலுகாவில் பெயர். ஆனால் அளந்து அளந்து அவர் கண்ணுக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எதைப் பார்த்தாலும், அடுத்தவன் எவ்வளவு உள்ளே தள்ளி வந்திருக்கிறான் என்றே அது முதலில் பார்க்கும்.

ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு நகர நூலகத்தின் மாடியில் ஒரு கணினி வகுப்பு நடக்கும். நடத்துபவர் நப்பின்னை. வயது முப்பத்துநான்கு. மாணவர்கள் எல்லோருமே அவரைவிட மூத்தவர்கள். அந்த வகுப்பில் ஒரே ஒரு விதி. திரையில் ஒரு கேள்வி வந்தால், பொத்தானை அழுத்துமுன் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்காமல் அழுத்தியவர் கணினியை அணைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஞாயிறு மாசிலாமணி ஒன்றரை மணிக்கே மாடியேறினார். கையில் துணிப்பை. பைக்குள் ஒரு குறிப்பேடு. பேருந்தில் வரும்போது நடத்துநர் அந்தப் பையை இரண்டு முறை பார்த்தார் என்பதையும் அவர் மனத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

தையற்கடை இபுராகிம் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சர்வேயரே, மூஞ்சில ஆக்கிரமிப்பு தெரியுதே?"

"உங்க வேலையப் பாருங்க பாய்."

"என் வேலையே அளவெடுக்கிறதுதானே. உங்க சட்டை ஒரு வாரத்துல ரெண்டு இஞ்சு தொளதொளத்துப் போச்சு. சாப்பிடறதில்லையா?"

மாசிலாமணி பையை இன்னொரு கைக்கு மாற்றினார். வீட்டில் சாப்பிடாதது இவருக்கு எப்படித் தெரிந்தது, யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தார்.

நப்பின்னை வந்தார். சன்னல்களைத் திறந்தார். மாசிலாமணி அவரருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், தனியாப் பேசணும். கதவைச் சாத்தலாமா?"

"சாத்தினா காத்து வராது ஐயா. சும்மா சொல்லுங்க. பாய்க்கு ஒரு காது கேக்காது."

"நல்ல காது உங்க பக்கம்தான் இருக்கு," என்றார் இபுராகிம்.

மாசிலாமணி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு பூட்டு வேணும்."

"எதுக்கு?"

"பூட் லோடருக்கு."

நப்பின்னை அவர் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பூட் லோடரின் கதை இது. மாசிலாமணியின் வீட்டில் கணினி ஒன்று; அதில் உட்காருபவர்கள் இருவர். ஒருவர் அவர். மற்றவன் ஏழு வயது இளைய தம்பி கனகசபை. அப்பா போனபின் அண்ணன் தோளில் வளர்ந்தவன். பள்ளி விடுமுறையில் அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அண்ணனோடு வயல் வயலாக நடந்தவன். இப்போது ஜாதகம் கணிக்கிறான். அவனுடைய ஜாதக மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். பதினோராண்டு ஜாதகங்கள் அதற்குள் இருந்தன. அண்ணனோ தாலுகாவின் நாற்பத்தோரு ஏரிகளையும் அவற்றின் வாய்க்கால்களையும் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் வரைபடமாக வரைந்துகொண்டிருந்தார்.

நான்கு மாதம் முன்பு, நப்பின்னை சொல்லிக்கொடுத்தபடி, கணினியில் தகவல் எல்லாம் பதியும் வட்டை ஆளுக்கொன்றாக இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். அண்ணன் தம் வழக்கப்படி அங்குலம் அங்குலமாகக் கணக்கிட்டு எல்லை போட்டார். பிறகு பூட் லோடரை நிறுவினார். கணினியை இயக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். கருந்திரையில் இரண்டு பெயர்களை எழுதி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டு, பத்து விநாடி காத்து நிற்கும். அன்று நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவன் தம்பி. பொத்தானை அழுத்தியவர் அண்ணன்.

"போன ஞாயிறு ராத்திரி பட்டியல்லேர்ந்து அவன் பேரை எடுத்துட்டேன்," என்றார் மாசிலாமணி. "பத்து விநாடியையும் பூஜ்யமாக்கிட்டேன். இப்ப பொத்தானை அழுத்தினா நேரா என் பக்கம்தான் திறக்கும். கேள்வியே கிடையாது."

"அவரோட ஜாதகமெல்லாம்?"

"எல்லாம் வட்டுல அப்படியே இருக்கு. நான் ஒண்ணையும் தொடலை. போறதுக்கு வழிதான் இல்லை. ஆனா அவன் வெளியிலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வந்து திரும்ப வழி பண்ணிடுவான். யாராலயும் மாத்த முடியாதபடி ஒரு பூட்டு போடக் கத்துக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"தம்பி என்ன சொன்னார்?"

"'என் பதினோரு வருசத்தை அழிச்சிட்டீங்களா'ன்னு கேட்டான். 'திருட்டுத்தனமா நுழைஞ்சவனுக்கு அதுதான் கூலி'ன்னேன். வேற ஒண்ணும் பேசலை. கொத்தனாருக்குச் சொல்லிட்டான். நாளைக் காலை ஆறேகாலுக்கு ஆரம்பம். கூடத்துக்கு நடுவுல சுவர். வடக்குப் பக்கம் அவனுக்கு, தெற்குப் பக்கம் எனக்கு. மணலும் செங்கல்லும் வாசல்ல வந்து கெடக்கு."

"வீட்டுல அம்மா என்ன சொல்றாங்க?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். அவருடைய மனைவி செண்பகவல்லி ஒரு வாரமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் கல் நட்டீங்களே, கடைசிக் கல்லு நம்ம கூடத்துலதானா?

"அவளை விடுங்க. சுவர்னா சுவர். நான் என்ன பண்ணட்டும்?" என்றார். சொல்லும்போது துணிப்பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார்.

"தம்பி நுழைஞ்சார்னு எப்படித் தெரியும் ஐயா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் ஒரு வாரமாகக் காத்திருந்தார். குறிப்பேட்டை எடுத்து விரித்தார். முப்பத்தோராண்டு எழுதிய அதே அச்சுப் போன்ற கையெழுத்து.

"ஜூலை இருபது. நாற்காலி ரெண்டு விரற்கடை தாழ்வா இருந்துச்சு."

"தம்பி உங்களைவிடக் குள்ளம் இல்லியா?" என்றார் இபுராகிம். "அவரும் அதே நாற்காலியிலதானே உட்காரணும்?"

"பாய்க்குக் காது கேக்காதுன்னீங்களே டீச்சர்."

"நீங்க படிங்க ஐயா."

"ஆகஸ்ட் மூணு. திரை மூலையில இருக்கிற கடிகாரம் தப்பா ஓடிச்சு. சரி பண்ணினேன். ஆகஸ்ட் இருபத்தஞ்சு. திரும்பத் தப்பு. திரும்பச் சரி பண்ணினேன். செப்டம்பர் ஏழு. திரை விளிம்புல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. அவன் கையெழுத்து. 'வலப்பக்கம் மட்டும்.' ரெண்டே வார்த்தை. என்ன சங்கேதம்னு இன்னி வரைக்கும் விளங்கலை."

"கேட்டீங்களா?"

"கேட்டா உசாராயிடுவான்."

நப்பின்னை ஒன்றும் சொல்லவில்லை. மாசிலாமணிக்கு அந்த அமைதியின் மேலும் ஐயம் பிறந்தது. இந்தப் பெண்ணின் தாயார் ஒரு முறை கனகசபையிடம் ஜாதகம் பார்க்க வந்தது அவருக்குத் தெரியும். இருந்தும் படித்தார்.

"இதெல்லாம் சில்லறை. கடைசியாக் கையும் களவுமாச் சிக்கினது போன ஞாயிறு. சாயந்தரம் ஆறு மணிக்குக் கணினியைத் திறக்கிறேன். என் வரைபடம் கடைசியாச் சேமிக்கப்பட்ட நேரம் மதியம் ரெண்டரைன்னு இருக்கு. அன்னிக்கு மதியம் ரெண்டரைக்கு நான் எங்க இருந்தேன் டீச்சர்?"

"இங்க. இதே நாற்காலியில."

"வருகைப் பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுல யார் இருந்தது? அவன் மட்டும்தான். செண்பகம் கோயிலுக்குப் போயிட்டா. அப்ப என் வரைபடத்தைத் திறந்து சேமிச்சது யாரு? தடம் தெரியக் கூடாதுன்னு கடிகாரத்தையும் மாத்திட்டுப் போயிருக்கான். நான் திறக்கிறப்ப சாயந்தரம் ஆறு மணி. அது ராத்திரி பதினொன்றரைன்னு காட்டுது!"

இபுராகிம் இப்போது சிரிக்கவில்லை. நில அளவர் சொன்னதில் கோணல் எதுவும் இருப்பதாக அவருக்கும் தெரியவில்லை.

நப்பின்னை எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு வட்டம் வரைந்தார்.

"கணினிப் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கடிகாரம் இருக்கு ஐயா. கரண்ட் இல்லாதப்பவும் ஓடும். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அது ஒண்ணுதான்." வட்டத்துக்குள் ஒன்பது என்று எழுதினார். "இதுல காலை ஒன்பது. கிரீன்விச்ல காலை ஒன்பதுன்னா, நமக்கு மணி என்ன?"

முப்பத்தோராண்டு தீர்க்கரேகையோடு புழங்கியவர் அவர். யோசிக்கவே இல்லை. "அஞ்சரை மணி கூட்டணும். மதியம் ரெண்டரை."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

"உங்க பக்கம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, இது கிரீன்விச் நேரம்னு படிக்கும். தம்பி பக்கம் அதே கடிகாரத்தைப் பார்த்து, இது நம்மூர் நேரம்னு படிக்கும். இணையம் இருந்தா தானாச் சரி பண்ணிக்கும்."

"வைரஸ் வரும்னு இணையக் கம்பியை நான்தான் பிடுங்கி..."

"தெரியும் ஐயா. போன ஞாயிறு காலைல ஒன்பது மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மாசிலாமணி மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எப்போதும் நம்புவது அதை மட்டுமே. திரையின் மூலையிலுள்ள நேரத்தை வேலை நடுவில் அவர் பார்ப்பதில்லை.

"குளிக்கப் போறதுக்கு முன்னாடி... புதுவாய்க்கால் கரையைத் திருத்தினேன். சேமிச்சுட்டு எழுந்தேன்."

"மணி?"

"ஒன்பது இருக்கும்."

கரும்பலகையில் ஒன்பது என்ற எண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆனா கடிகாரத்தைத் தப்பாக்கினது அவன்தானே?" என்றார். குரலில் பாதி பலம்தான் இருந்தது.

"நீங்க எத்தனை தடவை சரி பண்ணினீங்க?"

"தப்பா இருந்தப்பெல்லாம்."

"உங்க பக்கத்துல சரி பண்ணினா, பெட்டிக்குள்ள இருக்கிறது கிரீன்விச்சுக்குப் போயிடும். அதுக்கப்புறம் காலைல பத்து மணிக்குத் தம்பி வந்து திறந்தா, அவருக்கு என்ன காட்டும்?"

மாசிலாமணி கழித்துப் பார்த்தார். "விடியக்காலம் நாலரை."

ஒரு காட்சி அவர் முன் வந்து நின்றது. ஆவணியில் ஒரு நாள், காணாமற்போன எருமையைப் பற்றிக் கேட்க ஒரு பெண்ணும் அவள் கணவனும் வந்திருந்தார்கள். கேள்வி கேட்கும் அந்த நொடியின் கிரக நிலையை வைத்துப் பலன் சொல்வது பிரசன்னம். கனகசபை கணினியில் பிரசன்னம் போட்டான். அந்தக் கணவனுக்கும் பஞ்சாங்கம் தெரியும். "பத்து மணி வெயில்ல வந்திருக்கோம், விடியக்கால லக்னத்துக்குப் பலன் சொல்றீங்களே சாமி, எருமை இன்னும் தொழுவத்துலயே தூங்குதா?" என்று தெருவே கேட்கச் சிரித்தான். அன்று மாலை கனகசபை வந்து கேட்டான். "அண்ணா, என் கடிகாரத்துல கை வச்சீங்களா?" திருடன் முந்திக்கொள்கிறான் என்று மாசிலாமணி அதையும் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்.

"அவரும் சரி பண்ணியிருப்பார்," என்றார் நப்பின்னை. "உடனே உங்களுக்குத் தப்பாயிருக்கும்."

ஆனால் முப்பதாண்டுச் சந்தேகம் ஒரு கணக்கில் தீருமா? ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் இயல்பு.

"கடிகாரம் போகட்டும்," என்றார். "நான் இல்லாதப்ப என் பக்கத்தை அவன் பார்க்கலைன்னு என்ன நிச்சயம்?"

நப்பின்னை வகுப்புக் கணினி ஒன்றை அணைத்தார். அதிலும் இரண்டு பக்கங்கள் உண்டு. மறுபடி இயக்கினார். கருந்திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. விண்டோஸ் பக்கத்தைத் தேர்ந்தார். உள்ளே வட்டுகளின் வரிசை தெரிந்தது.

"அந்தக் கடைசி வட்டுதான் லினக்ஸோட பாகம். உங்க வீட்டுல நீங்க எல்லை போட்ட மாதிரியே இதுலயும் போட்டிருக்கு. தம்பி உட்காருற இடத்துல உட்காருங்க. உங்க ஏரியெல்லாம் இதுக்குள்ள இருக்குன்னு வச்சுக்கிட்டுத் திறந்து பாருங்க."

மாசிலாமணி சுட்டியை நகர்த்தி அழுத்தினார். வரைபடம் எதுவும் வரவில்லை. சின்னப் பெட்டி ஒன்று எழுந்து வந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே இரண்டு பொத்தான்கள்.

"விதி என்ன ஐயா?"

அவர் தமிழில் பெயர்த்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். "இந்த வட்டை... பயன்படுத்த வேண்டுமானால்... முதலில் இதை முழுவதும் அழித்து... புதிதாக வடிவமைக்க வேண்டும். செய்யலாமா?"

"அழுத்துங்க."

"எதை?"

"இடப்பக்கம் இருக்கிறது 'ஆகட்டும்'. வலப்பக்கம் இருக்கிறது 'வேண்டாம்'. உங்க இஷ்டம்."

மாசிலாமணி சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுடும் பாத்திரத்தைத் தொட்டவர் போல, எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் பக்கத்துலேர்ந்து உங்க எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது ஐயா. பாழ் நிலம் மாதிரிதான் தெரியும். அழிச்சுக்கலாமான்னு கேக்கும். அவ்வளவுதான். செப்டம்பர் மாசம் ஒரு நாள் உங்க தம்பி இந்த மாடிக்கு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. 'ஜாதகம் தேடறப்ப கை தவறி அதுல பட்டா என்னமோ கேக்குதும்மா, அண்ணனோட ஏரியெல்லாம் உள்ள இருக்கு, எதை அழுத்தினா ஒண்ணும் ஆகாது'ன்னு கேட்டார். சொன்னேன். மறந்துடக் கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போனார்."

"என்ன எழுதினார்?" என்று கேட்டவர் இபுராகிம்.

நப்பின்னை குறிப்பேட்டைப் பார்த்தார். அது மேசைமேல் திறந்தே கிடந்தது. செப்டம்பர் ஏழு.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் மாசிலாமணி.

"'இப்பத்தான் நெஞ்சு தேறியிருக்கார், சொன்னா பயந்துடுவார்'னார். அதான் நானும் சொல்லலை."

நப்பின்னை ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் ஐயா. அவர் பக்கத்துலேர்ந்து உங்க பாகம் தெரியாது. உங்க பக்கத்துலேர்ந்து அவர் பாகம் தெரியுமா?"

மாசிலாமணி திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"தெரியும்."

"திறந்து படிக்க முடியுமா?"

"முடியும்."

"யாராவது படிச்சாங்களா?"

இபுராகிம் எழுந்து சன்னலோரம் போய், தெருவில் ஏதோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவன் சிறுத்துப் போகும் நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அளவெடுப்பவருக்குத் தெரியும்.

"சாட்சி தேடித்தான் போனேன்," என்றார் மாசிலாமணி. பிறகு கோபம் திரும்பியது. அது மட்டும்தான் அவரிடம் மிச்சம் இருந்தது. "போனதும் நல்லதாப் போச்சு! 'அண்ணா'ன்னு ஒரு கோப்புறை வச்சிருக்கான் டீச்சர். உள்ள பதினோரு பிரசன்னம். அண்ணா ஒண்ணு, அண்ணா ரெண்டு, அண்ணா மூணுன்னு. எல்லாத்துக்கும் ஒரே கேள்வி. ஆயுள். நான் எப்பப் போவேன்னு பதினோரு தடவை பார்த்திருக்கான்! ஒரே கேள்விக்கு ரெண்டாந்தரம் பிரசன்னம் போடறது சாஸ்திரத்துக்கே துரோகம்னு வர்றவங்களை எல்லாம் விரட்டுவான். எனக்கு மட்டும் பதினோரு தடவை. அவ்வளவு அவசரம் அவனுக்கு."

"எல்லாம் எந்தத் தேதி?"

"ஒரே தேதி. ஆகஸ்ட் பதினாலு."

"அன்னிக்கு உங்க குறிப்பேட்டுல என்ன எழுதியிருக்கு ஐயா?"

அவர் தாளைப் புரட்டினார். ஆகஸ்ட் பன்னிரண்டு இருந்தது. அடுத்து ஆகஸ்ட் பத்தொன்பது. நடுவே எதுவும் இல்லை. அந்த நாட்களில் நாற்காலி தாழவில்லை, கடிகாரம் தவறவில்லை, யாரும் எல்லை தாண்டவில்லை.

அவர் வெற்றிடத்தின் மேல் விரலை வைத்தார்.

"பதினாலு..." என்றார். "பதினாலாம் தேதி காலைலதான் என்னை உள்ள கொண்டு போனாங்க. நெஞ்சுக்குள்ள கம்பி வைக்க. மத்தியானம் ஆச்சு வெளியே வர."

"தம்பி ஆஸ்பத்திரியில இல்லியா?"

"ஒருத்தர்தான் கூட இருக்கலாம்னுட்டாங்க. செண்பகம் இருந்தா. அவனை வீட்டுக்கு..."

அன்று காலை வீட்டில் நடந்ததை அவரால் இப்போது பார்க்க முடிந்தது.

கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் தம்பி. ஒரு முறை போடுகிறான். விடை பிடிக்கவில்லை. தன் தொழிலின் முதல் விதியை மீறி இரண்டாம் முறை போடுகிறான். மூன்றாம் முறை. நல்ல விடை வரும்வரைக்கும் அல்லது தொலைபேசி ஒலிக்கும்வரைக்கும் போடுகிறான். மாசிலாமணியின் கண்முன் அந்தப் பதினோரு பெயர்களும் வரிசையாக வந்தன. மாசிலாமணி என்ற பெயரை அவன் எங்கும் எழுதவில்லை. அண்ணா, அண்ணா என்றே எழுதியிருந்தான்.

நப்பின்னை கரும்பலகையில் ஒன்பதை அழித்தார். அந்த இடத்தில் ஒரு சதுரம் வரைந்தார். அதைச் சுற்றிப் பெரிய சதுரம் ஒன்று.

"உங்களுக்குத் தெரிஞ்ச வேலையில ஒரு கேள்வி ஐயா. உள்ள இருக்கிறது ஒருத்தர் நிலம். சுத்தி இருக்கிறது இன்னொருத்தர் நிலம். வெளியே இருக்கிறவர் நாலு பக்கமும் வேலி போட்டுட்டார். நீங்க புலப்படத்துல கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்? உள்ள இருக்கிற நிலத்துல ஒரு பிடி மண்ணைக்கூட அவர் எடுக்கலையே?"

"வழி இல்லாத நிலம் நிலமே இல்லை," என்றார் மாசிலாமணி. ஆயிரம் விவசாயிகளிடம் சொன்ன வார்த்தை அது, அவரையறியாமல் வந்துவிட்டது. "பாதை விட்டே ஆகணும்."

"எவ்வளவு அகலம்?"

"ஊர் வழக்கப்படி வண்டி போற அகலம். பத்தடியாவது."

"கணினியில?"

அவர் பலகையைப் பார்த்தார். உள்ளே அடைபட்டிருந்த சிறு சதுரத்தைப் பார்த்தார்.

"பத்து விநாடி," என்றார்.

நப்பின்னை ஒரு தாளில் மூன்று வரி எழுதினார். பட்டியலில் தம்பியின் பெயரைத் திரும்பச் சேர்க்க ஒரு வரி. பூஜ்யத்தைப் பத்தாக்க ஒரு வரி. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை அண்ணன் பக்கமும் நம்மூர் நேரமாகவே படிக்க ஒரு வரி. மடித்துக் கொடுத்தார்.

மாசிலாமணி வாங்கிக்கொண்டார். வாங்கிய பின்னும் உட்கார்ந்தே இருந்தார்.

"பண்ணிடறேன் டீச்சர். ஆனா அவன்கிட்டப் போய் எந்த முகத்தோட நிக்கிறது? ஒரு வாரமாத் திருடன்னு சொல்லியிருக்கேன். செங்கல்லெல்லாம் வந்துடுச்சு. ரெண்டு நாள் போகட்டும். கொஞ்சம் ஆறட்டும். அவனும் கொஞ்சம் எறங்கி வரட்டும். ஒரு நல்ல நாளாப் பார்த்து..."

"பாய்," என்றார் நப்பின்னை, "அடுத்த பஸ் எப்ப?"

"ரெண்டு மணிக்கு," என்றார் இபுராகிம், சன்னலிலிருந்து திரும்பாமலே.

"எழுந்திருங்க ஐயா. வகுப்பு முடியிற வரைக்கும் இருக்க வேணாம். குறிப்பேட்டை இங்க விட்டுட்டுப் போங்க. வீட்டுக்குப் போய், கால் கழுவறதுக்கு முன்னாடி அந்த மூணு வரியையும் அடிங்க. அடிச்சுட்டுத் தம்பியைக் கூப்பிட்டு நாற்காலியில உட்கார வைங்க. உயரத்தை நீங்களே ரெண்டு விரற்கடை எறக்கிக் குடுங்க. பொத்தானை அவர் அழுத்தட்டும். கருந்திரையில ரெண்டு பேரும் சேர்ந்து வரும். அந்தப் பத்து விநாடி நீங்க பக்கத்துல நில்லுங்க. பேச என்ன வார்த்தைன்னு இப்பவே தேடாதீங்க, அது அங்க வரும். ஆனா இன்னிக்கே போங்க ஐயா, இந்த பஸ்லயே போங்க. நாளைக்குப் போனா நடுவுல சுவர் இருக்கும்."